கைக்குழந்தைகளோடு கடல் கடந்து செல்வோர்க்கு

(போடிநாயக்கனூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று மாலை யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இச்சபைக்குப் புதியது. கல்வியைப் பற்றியும், கலியாணச் செலவைச் சுருக்குவது பற்றியும், ஏலத்தின் விலை ஏறி இறங்குவதைப் பற்றியும் இம்மேடையில் அநேக பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன. பால் மணம் மாறாத குழந்தைகளை அந்நிய தேசத்துக்கு அழைத்துச் செல்வதற்கு என்னென்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்பதைக் குறித்து ஒருவரேனும் இதுவரை வாய் திறந்ததாக எமக்கு நினைவில்லை. அதற்குக் காரணம் எளிது. குழந்தையைப் பற்றிய காரியமாதலால் அது பெண்களுடையது என்று புருஷர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆபீசுக்கு அலையும் காரியமாதலால் அது புருஷர்களுடையது என்று பெண்கள் விட்டுவிடுகிறார்கள். இருவருக்கும் நடுவில் குழந்தை நிற்கிறது.

துபாய், மஸ்கட், தோகா, ரியாத், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று நம் பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போகாத ஊர் இல்லை. முன்பு தனி ஆளாய்ச் சென்றவர்கள் இப்போது மனைவி மக்களை அழைத்துக்கொள்ளத் தலைப்பட்டிருக்கிறார்கள். அது நல்லது என்பதே எம் அபிப்பிராயம். "குழந்தை இங்கேயே தாத்தா பாட்டியிடம் வளரட்டும், நீங்கள் இருவரும் போய்ச் சம்பாதித்து வாருங்கள்" என்று சொல்லும் பெரியவர்கள் இச்சபையிலும் உண்டு. அவர்களுடைய அன்பை யாம் குறை கூறவில்லை. ஆயினும் தகப்பனைக் கைப்பேசிக் கண்ணாடியில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவன் லீவில் வந்து தூக்கப் போனால் அலறிக்கொண்டு பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வதை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! ஆகையால் குழந்தை போக வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதத்தில் யாம் நுழையவில்லை. போவதென்று தீர்மானித்த பின் செய்ய வேண்டியவற்றையே சொல்லப் புகுந்தோம்.

நம் ஊர் ஏலத்தையே ஏலம் விடும் ஊர். ஒரு மூட்டை ஏலக்காய் அரபு நாட்டுக்குக் கப்பல் ஏறுமுன் நாம் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பச்சைக் காயைக் கழுவி, ஸ்டோரில் பக்குவமாய் உலர்த்தி, காம்பு நீக்கி, சல்லடையில் இட்டு, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் தனியே பிரித்து, நிறம் பார்த்து, லிட்டர் எடை பார்த்து, பூச்சிமருந்தின் எச்சம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்பி, அதன் முடிவு வந்த பிறகே பெட்டியில் அடைக்கிறோம். இறக்குமதி செய்யும் நாடு ஒரு காகிதம் குறைந்தாலும் சரக்கைத் திருப்பிவிடும் என்பது வியாபாரிக்கு நன்றாய்த் தெரியும். அதே வியாபாரி தம் பேரக்குழந்தையை அனுப்பும்போது, புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் பீரோவைக் கவிழ்த்துப் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறார்!

காகிதந்தானே என்று இதை அலட்சியமாய் எண்ணுவோர்க்கு ஒரு பழங்கதையை நினைப்பூட்ட விரும்புகிறோம். கதை என்றோமே தவிர அது நடந்த சரித்திரம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் குடும்பங்குடும்பமாய் மக்கள் சென்றார்கள். ஆதியில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரையில் கால்நடையாகவே போனார்கள். இடுப்பில் குழந்தையும் தலையில் சட்டியுமாய்ச் சென்ற தாய்மார்களில் எத்தனை பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தனர் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கிய பின் பிரயாணம் இலேசாயிற்று. அப்போது மண்டபத்தில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாமில் தோட்டத்துக்குச் செல்வோரைச் சில நாள் தடுத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். இன்ன தோட்டத்துக்குப் போகும் ஆள் என்று காட்ட எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆளைப் பெயரால் அறியாமல் தகரத்தின் எண்ணால் அறிந்த காலம் அது.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எழுத்து மூலமான அத்தாட்சி வேண்டுமென்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் அவ்வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. இலங்கையிற் பிறந்தோம் என்பது போதாது, தந்தையும் அங்கேயே பிறந்தவர் என்பதைக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். தந்தை பிறந்த காகிதத்துக்கு லயத்துக் குடிகள் எங்கே போவார்கள்? ஏறக்குறைய 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்றாயிற்று. அரசியல் நோக்கத்தோடு செய்த சட்டம் அது என்பதை யாம் மறுக்கவில்லை; காகிதம் இருந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பர் என்றும் கூறவில்லை. ஆயினும் காகிதமின்மையே அவர்கள் கழுத்தில் மாட்டிய கயிறாயிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தனர். மிச்சப்பட்ட 1,50,000 பேரைப் பாதிப் பாதியாய்ப் பிரிக்க இன்னும் பத்து வருஷம் சென்றது. நாடற்றவர் என்னும் பெயர் முற்றும் ஒழிய 2003-இல் இலங்கையில் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது. தாத்தா பிறந்ததைப் பதியாத குறை பேரன் காலம் வரையில் தொடர்ந்ததை இதனால் அறியலாம்.

இனி நம் மலைக்கு வருவோம். இதையே சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். ஏனெனில் வேறு ஊர்ச் சங்கத்தார்க்கு இத்தொல்லை இல்லை.

போடிமெட்டு உச்சியில் ஏறி நின்றால் ஒரு காலடி தமிழ்நாட்டிலும் மறு காலடி கேரளத்திலும் இருக்கிறது. சமஸ்தான காலத்தில் அது திருவிதாங்கூர் எல்லை. 1956-க்குப் பின் கேரள எல்லை. நம்மவர் வீடு வாசல் போடியில். தோட்டம் துரவு பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கங்களில். ஏலம் பழுக்கும் காலத்தில் கர்ப்பிணிப் பெண்களும் கணவரோடு மலையிலேயே தங்கிவிடுகிறார்கள். திடீரென்று வலி கண்டால் மூணாற்றுக்கோ கட்டப்பனைக்கோ ஓடுகிறார்கள். குழந்தை சுகமாய்ப் பிறக்கிறது. பதினாறாம் நாள் போடிக்கு வந்து பெயரிடுகிறார்கள். பதிவு எங்கே? பிறப்பு எவ்விடத்தில் நிகழ்ந்ததோ அவ்விடத்து ஸ்தல ஸ்தாபனத்தில்தான் பதிவாகும் என்பது சட்டம். தாயும் தந்தையும் போடிக் குடிகளாயினும் குழந்தையின் பிறப்பு கேரளத்துப் பஞ்சாயத்திலோ முனிசிபாலிடியிலோதான் எழுதப்பட்டிருக்கும். போடி நகராட்சியில் வந்து கேட்டால் கிடையாது.

அங்கே எழுதுவோர் மலையாள நாட்டு உத்தியோகஸ்தர். நம் பெயர்களை அவர்கள் காதிற் கேட்டபடி எழுதுகிறார்கள். "பழனியப்பன்" என்பதிலுள்ள ழகரத்துக்கு ஒருவர் இரண்டு ஆங்கில எழுத்தும் மற்றொருவர் ஒரே எழுத்தும் போடுவார். முன்னெழுத்தை ஒருவர் விரித்தெழுதுவார், மற்றொருவர் பெயருக்குப் பின்னால் தள்ளுவார். அவர்கள்மேல் பிழையில்லை, படிவத்தை நாம் பார்த்துக் கையெழுத்திடாததே பிழை. பிரசவ வீட்டுக் கலவரத்தில் அதை மாமனோ மைத்துனனோ நிரப்பிக் கொடுத்துவிடுகிறான்.

எம் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்வதில் வெட்கமில்லை. எம் தங்கையின் மகளுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் மலைமேல் பிறந்தவன். இளையவள் கீழே பிறந்தவள். மூத்தவனுடைய சான்றிதழில் தகப்பன் பெயர் ஒருவிதமாகவும், இளையவளுடையதில் வேறுவிதமாகவும், தகப்பனுடைய பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தன. ஒரே மனிதன் மூன்று மனிதனாய் விட்டான்! அவன் மஸ்கட்டில் வீடு அமர்த்தி, சாமான் வாங்கிப்போட்டு, குழந்தைகளுக்குக் கட்டிலும் தொட்டிலும் செய்துவைத்துக் காத்திருந்தான். இங்கே திருத்தத்துக்காக மலையேறி இறங்கியதிலேயே நான்கு மாதம் கழிந்தது. குப்புற விழக் கற்றிருந்த பெண் குழந்தை அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் எடுத்து வைத்த முதலடியைத் தகப்பன் கைப்பேசியில் பார்த்து அழுதான் என்று கேட்டபோது, இதைப்பற்றி ஒரு நாள் சங்கத்தில் பேசியே தீர வேண்டும் என்று தீர்மானித்தோம்.

ஆதலால் குழந்தை பிறந்த 21 நாளைக்குள் பதிவு நடந்துவிட்டதா என்று குடும்பத் தலைவர் நேரிலே சென்று பார்க்க வேண்டும். அதற்குள் பெயர் நிச்சயமாகாவிட்டால் பாதகமில்லை. பெயரின்றிப் பதிந்த குழந்தைக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரையில் சேர்க்கலாம். ஆனால் பிறப்பையே ஒரு வருஷம் வரையில் பதியாமல் விட்டுவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வரையில் போக வேண்டும். இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறோம். ஆண் குழந்தையின் சான்றிதழை லாமினேட் செய்து பூட்டி வைக்கும் சில வீடுகளில், பெண் குழந்தையின் பதிவில் பெயர்க் கட்டம் ஐந்து வருஷமாய்க் காலியாய்க் கிடப்பதைக் கண்டோம். அவள் எங்கே போகப் போகிறாள் என்ற எண்ணம் போலும்!

2023 அக்டோபர் 1-ஆம் தேதியன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் கேட்டால், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே அத்தாட்சி என்று 2025-இல் மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முன்னே பிறந்தவர்கள் பள்ளிக்கூடச் சான்றையோ வேறொன்றையோ காட்டித் தப்பலாம். இப்போது தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளுக்கு அவ்வழி அடைபட்டுவிட்டது.

பெயரைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தந்தையின் முதலெழுத்துமே உண்டு. அது நமக்குப் பெருமைதான். ஆனால் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றை நிரப்பி மற்றொன்றை வெறுமையாய் விடும் வழக்கம் நம்மிடம் அதிகம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாட்டார், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டோடு பார்வையாளராய் வருவோரை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் கலங்கினார்கள்! பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. வந்தாலும், புதிதாய் எழுதப்போகும் குழந்தைக்கு அச்சங்கடத்தை ஏன் வைக்க வேண்டும்? முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் முழுப் பெயரையோ தாயின் முழுப் பெயரையோ இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரேவிதமாய் எழுதுங்கள்.

பாஸ்போர்ட்டை வாங்கும் முறை அவ்வளவு கடினமன்று. முன்காலத்தில் தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் சேர்த்தெழுதி ஒரே புஸ்தகத்தில் கூட்டிச் சென்றார்கள். இப்போது பிறந்த சிசுவுக்கும் தனிப் புஸ்தகம். நம் தேனி ஜில்லா மதுரை வட்டாரப் பாஸ்போர்ட் ஆபீசின் கீழ் அடங்கியது. மைனர் குழந்தைக்குக் கொடுக்கும் புஸ்தகம் 5 வருஷமோ 18 வயதோ எது முந்துகிறதோ அதுவரை செல்லும்; பெரியவர்களுடையதைப் போல் 10 வருஷம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. தாய் தந்தை இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அதற்குரிய வேறு உறுதிமொழிப் படிவம் உண்டு. அதை முன்னதாய்க் கேட்டறிந்து வைத்துக்கொள்வது நலம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்புலத்தில் எடுத்த படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். தலை நிற்காத சிசுவை வெள்ளை வேஷ்டியை விரித்து அதன்மேல் கிடத்தி, கண் விழித்து வாய் மூடியிருக்கும் சமயம் பார்த்து எடுப்பது சுலபம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அன்று ஒரு நாள் துடைத்துவிடுங்கள். பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம், படம் எடுத்தவுடன் இரண்டு பொட்டாய் வைத்துக்கொள்ளலாம். குலதெய்வத்துக்கு முடி இறக்குவதும் காது குத்துவதும் பாக்கியிருந்தால் அவற்றை முடித்துக்கொண்டே படத்துக்கு உட்காரலாம். படத்தில் சடையும் நேரில் மொட்டையுமாய் நின்றால், பார்க்கும் உத்தியோகஸ்தர் இருமுறை பார்ப்பது இயல்புதானே?

குடும்ப விசா கேட்கும்போது பல நாடுகள் பிறப்புச் சான்றிதழையும் கலியாணப் பதிவுச் சான்றிதழையும் அத்தாட்சி செய்து கேட்கின்றன. முதலில் சான்றிதழ் கொடுத்த மாநிலச் சர்க்காரின் அத்தாட்சி, பிறகு தில்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஓமான், பஹ்ரைன், சவூதி அரேபியா போன்று சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு அமைச்சகம் கொடுக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு காரியம் முடிந்துவிடும். சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். மலையில் பிறந்த குழந்தையின் சான்றிதழுக்குக் கேரளச் சர்க்காரின் அத்தாட்சிதான் செல்லும், சென்னையினுடையது செல்லாது என்பதை இங்கே மறுபடியும் நினைப்பூட்டுகிறோம். இதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். கலியாணத்தைப் பதியாமலே விட்டிருப்பவர்கள் அதையும் இன்றே கவனிக்கட்டும்.

காகிதத்தை விட்டு உடம்புக்கு வருவோம்.

மண்டபம் முகாமில் அம்மை குத்திய காலம் போய்விட்டது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-இல் அறிவித்துவிட்டார்கள். தட்டம்மை அப்படி ஒழியவில்லை. கூட்டம் கூடும் இடங்களில் அது மிக வேகமாய்ப் பரவும். நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகின்றன. 6 மாதம் கடந்து 9 மாதம் நிறையாத சிசு பிரயாணம் போவதானால், முன்கூட்டியே ஒரு தவணை போடலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். போட்டாலும் அது கணக்கில் சேராது. 9 மாதத்துக்குரியதை மறுபடியும் போட வேண்டும். நைஜீரியா, உகாண்டா, கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்கு வியாபார நிமித்தம் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்கக் கூடாது. அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அதிகாரம் பெற்ற மையங்களில்தான் போடுவார்கள்; சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. போட்ட பத்தாம் நாள் முதல்தான் அச்சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுதும் செல்லும். அஃதின்றித் திரும்பி வந்தால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரையில் தனியே தங்க வைப்பார்கள். 9 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நெடும்பாசேரியில் விமானம் ஏறுவோர் போடிமெட்டு, மூணாறு வழியாய்ப் போகிறார்கள். ஆகாயப் பிரயாணத்தைக் காட்டிலும் இம்மலைப் பாதையே குழந்தைகளை அதிகமாய் வாட்டுகிறது. கொண்டையூசி வளைவுகளில் வாந்தியெடுத்து ஓய்ந்த குழந்தையை அன்றிரவே விமானத்தில் ஏற்றினால் தாய்க்கும் தூக்கமில்லை, பக்கத்துப் பிரயாணிக்கும் தூக்கமில்லை. புறப்படுமுன் வயிறு நிறைய இட்லியைத் திணித்து அனுப்பும் அன்பைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். கூடுமானால் முதல் நாளே மலையைக் கடந்து கீழே தங்கலாம். மதுரையிலோ திருச்சியிலோ ஏறுவோர்க்கு இத்தொல்லை இல்லை. 2010-இல் நின்றுபோன நம் ஊர் ரயில் 2023 ஜூன் மாதத்தில் அகலப் பாதையில் மறுபடியும் வந்து சேர்ந்ததனால், சமதளத்தில் செல்ல விரும்புவோர்க்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் குழந்தைகள் வீறிட்டு அழுவது காது வலியினால். காற்றின் அழுத்தம் மாறும்போது விழுங்கினால் வலி அடங்கும். ஆதலால் அவ்விரண்டு சமயத்திலும் சிசுவுக்குத் தாய்ப்பால் கொடுங்கள். அதற்காக முன்னதாகவே கொடுத்துத் தூங்க வைத்துவிடாதிருப்பது நலம். கடுஞ்சளியும் காது வலியும் உள்ள குழந்தையை வைத்தியரைக் கேளாமல் ஏற்ற வேண்டாம். அழாமல் தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுக்கும் கெட்ட வழக்கம் ஒன்று பரவி வருவதாய்க் கேள்விப்படுகிறோம். அந்நாளில் அபினியைத் தடவிக் குழந்தையைத் தூங்கவைத்த தாதிகளுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் எமக்குத் தோன்றவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியிற் பிரயாணம் செய்யலாம். தொட்டில் வேண்டுமானால் சீட்டு வாங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். கைப்பையில் நீர்ப்பொருள் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாதென்னும் விதி, வழியில் குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் ஆகாரத்துக்கும் தளர்த்தப்படுகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எப்போதும் கையில் இருக்கட்டும்.

பாட்டிமார்கள் கட்டிக்கொடுக்கும் மூட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கசகசாவை அரபு நாடுகள் பலவற்றிலும் சிங்கப்பூரிலும் போதைப் பொருளோடு சேர்த்து எண்ணுகிறார்கள். மருமகளுக்குக் குருமா வைக்க என்று கால் கிலோ கட்டிக் கொடுத்தால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்களாவோம். உரைமருந்துப் பெட்டியிலே வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காயோடு ஜாதிக்காயும் இருக்கிறது. ஜாதிக்காயைத் தனிக்காயாய்க் கொண்டுவருவதைச் சவூதி அரேபியாவில் அனுமதிப்பதில்லை. நம் மலைச்சரக்கே ஆயினும் அங்கே செல்லாது. சூரணங்களையும் பெயரெழுதாத பொடிகளையும் பொட்டலமாய் மடித்து அனுப்புவதை அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடும் வசம்பைச் சுங்க உத்தியோகஸ்தர் மோந்து பார்த்து என்னவென்று அறிவார்? இங்கிலீஷ் மருந்தானால் வைத்தியரின் சீட்டோடு, கடையில் வாங்கிய பெட்டியோடு, வழிக்கு வேண்டிய அளவு மட்டும் கொண்டுபோகட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியா செல்வோர் விதை, உணவு யாவற்றையும் மறைக்காமல் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். ஏலக்காய் மாலையும் அதில் அடங்கும்.

குழந்தைக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுங்கள் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம். ஜாதகத்து எழுத்துக்கு ஒரு பெயர், குலதெய்வத்துக்கு ஒரு பெயர், கூப்பிடுவதற்கு ஒரு பெயர் என்று நாம் மூன்று வைக்கிறோம். யாம் மேலே சொன்ன மூத்த பையனை வீட்டில் எல்லாரும் "அப்பு" என்றுதான் அழைப்போம். விமான நிலையத்தில் உத்தியோகஸ்தர் அன்போடு குனிந்து, பாஸ்போர்ட்டிலுள்ள பெயரைச் சொல்லி, "நீதானா?" என்று கேட்டார். பையன், "இல்லை, நான் அப்பு" என்று அடித்துச் சொல்லிவிட்டான். தாய்க்கு உயிர் போய் வந்தது. நல்லவேளையாக அந்த மனிதர் பிள்ளை குட்டிக்காரர். சிரித்துவிட்டு முத்திரை வைத்தார். ஆகவே பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பதிவுப் பெயரால் அழைத்துப் பழக்குங்கள். தாய் தந்தையின் முழுப் பெயரையும் சொல்லத் தெரிய வேண்டும். தந்தையின் தொலைபேசி எண்ணை ஒரு துணியில் எழுதிச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுவதும் நல்லது. தகரச் சீட்டை நினைத்து எவரும் வருந்த வேண்டாம். அது துரைக்காக மாட்டியது, இது தாய்க்காகத் தைப்பது. தாய் தனியே அழைத்துப் போவதானால், தந்தை சம்மதித்து எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். சில நாடுகளில் கேட்கிறார்கள்.

பாட்டியைப் பிரிவது குழந்தைக்குச் சிறு துக்கம் அன்று. "கடைக்குப் போய் வருகிறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். அக்குழந்தை அங்கே ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். விமானத்தில் போகிறோம், அப்பா இருக்கும் ஊருக்குப் போகிறோம், பாட்டி இங்கே இருப்பாள் என்று உள்ளதைச் சொல்லி, பாட்டியின் பழம்புடவைத் துண்டு ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள். தங்கைமகள் பிள்ளைகள் இன்றும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார்களாம்.

முடிவாக இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடம் கட்டிடம் இருக்கிறது. படித்த வாலிபர் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இவ்வாலிபர்களில் நால்வர் இங்கே உட்கார்ந்து, வருவோருடைய பிறப்புச் சான்றிதழ்களைத் தாய் தந்தையரின் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து, பிழையிருந்தால் எந்த ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்று சொல்லி அனுப்பலாம். காரியதரிசி அவர்கள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். இது நம் வகுப்பார்க்கு மட்டுமா என்று ஒருவர் சற்றுமுன் எம்மைக் கேட்டார். நம் தோட்டங்களில் காய் பறிக்கும் கூலிக்காரருடைய குழந்தைகளும் அதே மலை ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறார்கள். அவர்கள் பெயரும் அதே விதமாய்த்தான் சிதைகிறது. அவர்களுடைய உழைப்பால் வந்த பணத்தில் கட்டிய கட்டிடத்தில் அவர்களுக்கு ஒரு பெஞ்சு போடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? தோட்டக்காரர்கள் தங்கள் ஜீப்பிலேயே அவர்களையும் அழைத்து வரட்டும்.

வருகிறவர்கள் மூலச் சான்றிதழையே கொண்டுவர வேண்டும். நகலில் புள்ளியும் கோடும் சரியாய்த் தெரிவதில்லை.